காட்டுப்பன்றியைச் சுடக் காலிபர் பெரிதாக இருந்தால் போதுமா?

போதாது. கேள்வியைப் பார்த்தால் கொள்ளிடக் கரைப் பக்கம் கரும்போ கடலையோ போட்டுப் பன்றியால் நொந்துபோனவர் என்று தெரிகிறது. முதலில் ஒன்று: 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி நீங்கள் சுட முடியாது. 2025 ஜனவரியில் வந்த தமிழக அரசாணையும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியைச் சுட வனத்துறையினருக்குத்தான் அனுமதி தந்தது. 'வேட்டைக்கு வழி சொல்லித் தருகிறான்' என்று பாய நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம், அவ்வளவுதான். அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .315 ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. குழல், 244 கிரெய்ன் குண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிராம். நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்தோடு திணிக்கிற பால்ரஸ் குண்டு, அதாவது பேரிங்கில் இருக்கும் எஃகு உருண்டை, அதே 8 மி.மீ. இருந்தாலும் எடை 2 கிராம்தான். உருண்டை என்பதால் காற்றிலேயே வேகம் செத்துவிடும். எஃகு என்பதால் உடம்புக்குள் போயும் விரியாது. தோலையும் கொழுப்பையும் துளைத்து நின்றுவிடும். பன்றி புண்ணோடு கரும்புக்குள் புகுந்து நாள்கணக்கில் கிடந்து சாகும். இதைத் துணிச்சல் என்று பேசித் திரிபவர்களை என்னால் பொறுக்க முடியவில்லை.

விலங்கைச் சீக்கிரம் சாய்ப்பது குண்டின் அமைப்பு. முனையில் ஈயம் தெரியும் 'சாஃப்ட் நோஸ்' குண்டு சதையில் பட்டதும் காளான் போல விரிந்து, ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விட்டத்தில் நுரையீரலைக் கிழிக்கும். முழு உலோக உறை போட்ட ராணுவ வகைக் குண்டு பெரும்பாலும் சின்னத் துளையோடு மறுபக்கம் போய்விடும். அதற்காக மிக லேசான, மிக வேகமான குண்டைப் போட்டால் தோளிலேயே சிதறும். வளர்ந்த ஆண் பன்றிக்குத் தோள்பட்டைமேல் குருத்தெலும்பு போலக் கெட்டியான தோல் உண்டு. தூரமும் கணக்கில் வரும். 50 மீட்டரில் நன்றாக விரியும் குண்டு, வேகம் குறைந்துபோன 300 மீட்டரில் விரியாமலே போகலாம்.

இடம் தப்பினால் எந்தக் காலிபரும் உதவாது. பன்றிக்கு இதயம் மிகத் தாழ்வாக, முன்னங்காலுக்கு நேர் மேலே, நெஞ்சின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது. முதுகை ஒட்டி அடித்தால் முதுகெலும்பின் மேல்முள்ளில் பட்டுச் சட்டென்று விழும், பிறகு எழுந்து ஓடிவிடும். கொழுப்பு துளையை அடைத்துக்கொள்வதால் ரத்தத் தடமும் கிடைக்காது. அதனால்தான் குண்டு விரியவும் வேண்டும், மறுபுறம் வெளியேறவும் வேண்டும்.

காவிரி டெல்டாவில் இன்னொரு ஆபத்து, தட்டையான தரை. பின்னால் குண்டை வாங்க ஒரு மேடு கிடையாது. தப்பிய ரைஃபிள் குண்டு 3 கிலோமீட்டருக்கு மேலும் போகும். தாழ்ந்த கோணத்தில் வயல் தண்ணீரில் பட்டால் தெறித்துத் திசை மாறும். உயரமான பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால்தான் குண்டு மண்ணுக்குள் போகும்.

கேட்காததையும் சொல்கிறேன். நீர்ப்பறவைகளைச் சுடும் ஈய ரவை, அதாவது பொடி ஈயக் குண்டுகள், குளத்துச் சேற்றில் தங்கிவிடுகிறது. வாத்துகள் அதைக் கூழாங்கல் என்று விழுங்க, இரைப்பையில் அரைபட்டு ஈயம் ரத்தத்தில் ஏறுகிறது. அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை 1991இலேயே நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சதுப்புநிலங்களில் தடை செய்தது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் என்று பறவைச் சரணாலயங்களை வைத்துக்கொண்டு நாம் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை.