திருமணம், மணவிலக்கு, பாலுறவு: சபைகள் ஒரே அளவுகோலில்தான் அளக்கின்றனவா? – கேள்வி பதில்

திருச்சபை வரலாறும் சபைச் சட்டமும் பல வருடங்களாகப் படித்துவருகிறேன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இயேசு மணவிலக்கை அடியோடு தடுத்தாரா? எங்கள் போதகர் ஒன்று சொல்கிறார், நண்பனின் பங்குத்தந்தை வேறொன்று சொல்கிறார்.

இரண்டு பேரும் வேதத்திலிருந்துதான் சொல்கிறார்கள். மாற்கு 10-லும் லூக்கா 16-லும் விதிவிலக்கே இல்லை. மத்தேயு 5-லும் 19-லும் வேசித்தனம் ஒரு விதிவிலக்காக வருகிறது. பவுல் 1 கொரிந்தியர் 7-ல் இன்னொன்றைச் சேர்க்கிறார்: விசுவாசியல்லாத துணை பிரிந்துபோனால் போகட்டும், மற்றவர் அதற்கு அடிமைப்பட்டவரல்ல.

கத்தோலிக்கத் திருச்சபை மாற்குவின் பக்கம் நிற்கிறது. பிரிந்து வாழலாம், மறுமணம் கூடாது. சீர்திருத்த சபைகள் விபசாரம், கைவிடுதல் என்று இரண்டு காரணங்களை ஏற்றன. ஆர்த்தடாக்ஸ் சபை மனித பலவீனத்துக்கு இரங்கி மூன்றாம் திருமணம் வரை அனுமதிக்கும். ஆனால் இரண்டாவது திருமணத்தின் ஜெபங்களிலேயே மனஸ்தாபத்தின் தொனி இருக்கும். நான்காவது கிடையாது. பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோவுக்கு மூன்று மனைவியரும் இறந்துபோனார்கள். வாரிசுக்காக நான்காவதாக மணந்தார். அந்தச் சண்டை சபையையே பிளந்தது. 920-ல்தான் ‘நான்காவது இனி இல்லை’ என்று முடிவானது. பேரரசருக்கே அந்தக் கதி!

கேள்வி: கணவர் அடிக்கிறார். ‘வசனத்தில் அடி உதையைப் பற்றி இல்லை, பொறுத்துக்கொள்’ என்கிறார்கள் சபையில்.

முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், காவல்துறைக்குச் சொல்லுங்கள். விளக்கம் அப்புறம்.

மணவிலக்கில் மிகக் கண்டிப்பான சபை கத்தோலிக்க சபைதான். அதன் சட்டமே (எண் 1153), துணையால் ஆன்மாவுக்கோ உடலுக்கோ பெரும் ஆபத்து என்றால் பிரிந்து வாழலாம் என்கிறது; தாமதம் ஆபத்தானால் முன்அனுமதிகூட வேண்டாம். ஆக, ‘அடி வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இரு’ என்பது எந்தப் பெரிய சபையின் போதனையும் இல்லை. சொல்பவருடைய சொந்தச் சரக்கு அது. இன்னொன்றும் கவனியுங்கள். பரிசேயர் இயேசுவிடம் கேட்டது, புருஷன் தன் மனைவியைத் தள்ளிவிடலாமா என்று. தள்ளிவிடப்பட்டால் நிர்க்கதியாகிற பெண்ணைக் காத்த பதிலை, அதே பெண்ணைப் பூட்டிவைக்கும் சாவியாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: கத்தோலிக்கர் ‘திருமணம் செல்லாது’ என்று அறிவிப்பது வேறு பெயரில் மணவிலக்குதானே?

கொள்கைப்படி இல்லை. மணவிலக்கு, இருந்த திருமணத்தை முறிக்கிறது. இது, தொடக்கத்திலேயே முறையான சம்மதம் இல்லை என்று கண்டறிவது: மிரட்டல், பெரிய ஏமாற்று, சம்மதத்தின் பொருளையே உணர முடியாத மனநிலை போன்றவை. பிள்ளைகளின் சட்டப்பூர்வ நிலைக்கும் பாதிப்பில்லை. 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த நடைமுறையைச் சுருக்கினார். இரண்டாவது தீர்ப்பாயமும் உறுதிசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று.

ஏட்டில் இது முரண்பாடில்லாத ஏற்பாடுதான். இருபது வருடம் குடும்பம் நடத்தியவரிடம் ‘அது திருமணமே இல்லை’ என்றால் அவருக்கு எப்படியிருக்கும் என்பது வேறு விஷயம். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி தன் முதல் திருமணத்துக்குக் கேட்டதும் இந்தச் செல்லாமை அறிவிப்பைத்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தகராறில் ரோமையைவிட்டுப் பிரிந்த இங்கிலாந்து சபையின் பொதுப் பேரவை, முன்னாள் துணை உயிரோடிருக்கும்போது ஆலயத்தில் மறுமணம் செய்ய விதிவிலக்காக இடம் கொடுத்தது 2002-ல்தான்.

கேள்வி: ‘இரண்டாயிரம் வருடமாகச் சபை எதையும் மாற்றவில்லை’ என்பது சரியா?

இல்லை. கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் 1563-ல் முடிவெடுக்கும்வரை, இருவர் ரகசியமாகச் சம்மதம் சொல்லிக்கொண்டாலே அது செல்லும் திருமணம். குருவும் சாட்சிகளும் கட்டாயமானது அதன் பிறகு. ஆங்கிலிக்க ஆயர்களின் லாம்பெத் மாநாடு 1908-லும் 1920-லும் கருத்தடையைக் கண்டித்தது, 1930-ல் வரம்போடு அனுமதித்தது. அதே வருடக் கடைசியில் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் கூடவே கூடாது என்று சுற்றுமடல் எழுதினார். பலதார மணத்தில் இருப்பவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்றது 1888 லாம்பெத். மனைவியரைத் தள்ளிவிடாமலே, சில நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது 1988 லாம்பெத். சரியாக நூறு வருடம்.

கேள்வி: மறுமணம் செய்தவர்கள் முன்வரிசையில் உட்காருகிறார்கள். ஓரினச் சேர்க்கையாளருக்கு மட்டும் கதவடைப்பு. இது இரட்டை அளவுகோல் இல்லையா?

பல சபைகளில் ஆமாம். ‘மணவிலக்குக்கு வசனத்திலேயே விதிவிலக்கு உண்டு, ஓரினச் சேர்க்கையைக் கண்டிக்கும் ரோமர் 1-ல் அப்படி எதுவும் இல்லை’ என்று பதில் சொல்வார்கள். வாதமாக அது நிற்கும். ஆனால் மறுமணத்துக்கு வருகிறவரிடம் அந்த விதிவிலக்கு பொருந்துகிறதா என்று அதே சபை விசாரித்ததா? பெரும்பாலும் விசாரிப்பதில்லை. மறுமணம் செய்தவர்கள் சபையில் நிறையப் பேர், நம் அண்ணன் தங்கைகள். ஓரினச் சேர்க்கையாளர் சிலர்தான். சலுகை எண்ணிக்கையைப் பார்த்துக் கிடைக்கிறது என்பதே என் மனத்தாங்கல்.

இந்த விஷயத்தில் ரோமையை, அதாவது கத்தோலிக்கத் தலைமையை, மெச்சவேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். மறுமணம் செய்தவர் நற்கருணை பெற வேண்டுமானால் உடலுறவைத் தவிர்த்து வாழ வேண்டும் என்று 1981-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். ஓரினச் சேர்க்கையாளரிடம் கேட்பதும் அதே தவிர்ப்புதான். 2016-ல் பிரான்சிஸ் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலின் ஓர் அடிக்குறிப்பு மறுமணம் செய்தவர்களுக்குக் கதவைச் சற்றுத் திறந்தது. 2023 டிசம்பரில் ஒரே பாலின இணையருக்கு, திருமணச் சடங்கின் சாயல் இல்லாத எளிய ஆசீர் தரலாம் என்று ரோமை சொன்னது. ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் மறுத்துவிட்டார்கள்.

ஆனால் ‘அதில் தளர்த்தினீர்களே, இதிலும் தளர்த்துங்கள்’ என்பது மட்டும் போதாது. ‘சரி, இரண்டிலும் இறுக்குகிறோம்’ என்று ஒரு சபை சொல்லிவிடலாம். முரண்பாட்டைக் காட்டினால் குற்றம் தெரியும், எந்தப் பக்கம் திருத்துவது என்று தெரியாது. ஒரே பாலினத் திருமணத்தை ஏற்ற சபைகள், 2015-ல் அமெரிக்க எபிஸ்கோபல் சபை போன்றவை, வசனங்களின் சூழலையும் திருமணத்தின் நோக்கத்தையும் பற்றித் தனியாக வாதாடித்தான் அங்கே வந்தன. அந்த வாதங்களை அவற்றின் தகுதியில் எடைபோட வேண்டும்.

கேள்வி: மணவிலக்கு பெற்றவர் போதகராகலாமா?

சபைக்குச் சபை மாறும். 1 தீமோத்தேயு 3 சொல்லும் ‘ஒரே மனைவியை உடையவர்’ என்பதை வைத்து மறுப்பவர்கள் உண்டு. பழைய சபை அதே வசனத்தால், மனைவி இறந்து மறுமணம் செய்தவரைக்கூட ஒதுக்கியது. அதை மட்டும் இன்று எடுத்துக்காட்டுவோர் குறைவு.

கேள்வி: எங்கள் சபையில் யாரிடம் என்ன கேட்பது?

ஒழுங்குமுறையை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். மறுமணத்துக்கு என்ன நிபந்தனை, முடிவெடுப்பது போதகர் ஒருவரா குழுவா, மறுத்தால் மேல்முறையீடு எங்கே என்று பாருங்கள். எழுத்தில் எதுவும் இல்லை என்றால், கடைசியாக மறுமணம் நடந்தபோது எதை விசாரித்தார்கள் என்று பெயர் சொல்லாமல் கேளுங்கள்.