செப்புப் பூவாளியைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கேள்வி: ஜப்பானில் வாங்கிய கைவேலைச் செப்புப் பூவாளியால் போன்சாய்க்கு நீர் ஊற்றுகிறேன். செக்கச்செவேல் என்று இருந்தது ஆறே மாதத்தில் கறுத்து, மூட்டுகளில் பச்சை படிந்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா? திரவ உரத்தை அதில் கலக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

செப்புக்குடத்துக்குப் புளி சரி. ஜப்பானியக் கைவினைஞர்களோ செம்பு கறுப்பதை அழுக்காகவே நினைப்பதில்லை. நீகாத்தா மாகாணத்தின் சுபாமே நகரில், தட்டையான செப்புத் தகட்டைச் சுத்தியலால் அடித்தே கெண்டியாக எழுப்பிவிடுகிறார்கள். 1816-இல் தொடங்கிய கியோகுசென்டோ பட்டறை இன்றும் அங்கே இயங்குகிறது. அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் விரிசல் விடும். ஆகவே உலையில் காய்ச்சி, இளக்கி, மறுபடி அடிப்பார்கள். ஒரு பாத்திரம் முடிவதற்குள் இது பலமுறை நடக்கும். கடைசியில் கந்தகச் சேர்மக் கரைசலில் வேண்டுமென்றே கறுக்க வைத்து மெருகேற்றுவார்கள். அத்தகைய பொருளில் புளி பட்டால் அந்த உழைப்பு கரைந்தோடிவிடும்.

உங்களுடையது நிறமூட்டாத வகை. ஆனாலும் அந்தக் கருமையை விட்டுவிடுங்கள். அடியிலுள்ள உலோகத்துக்கு அதுதான் காப்பு. பச்சைக் களிம்பு வேறு கதை. ஈரம் தங்கும் இடத்தில்தான் அது பிடிக்கும். மென்மையான துணியில் சமையல் சோடாவைக் குழைத்து அந்த இடத்தை மட்டும் துடைத்துக் கழுவுங்கள். நீர் ஊற்றி முடித்ததும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், களிம்பு அண்டாது.

உரத்துக்குப் பிளாஸ்டிக் வாளி போதும். அம்மோனியம் உப்புகளும் அமிலமும் செம்பை அரிக்கும். கரைந்த செம்பு தொட்டி மண்ணில் சேரும். செடிக்குச் செம்பு இம்மியளவு தேவை, மிகுந்தால் வேர் கருகும். வெறும் நீரை நிரப்பி உடனே ஊற்றுவதில் பயமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பூவாளியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நீண்ட மூக்கின் முனையில் நுண்துளைகள் கொண்ட தலை இருக்கிறதே, தொட்டி மண்ணும் பாசியும் கலையாமல் தூறலாக நீர் விழுவது அதனால்தான். உப்பு நீரானால் துளைகள் சீக்கிரம் அடைபடும். ஊசியால் குத்தாதீர்கள்; செம்பு மெத்தென்றது, துளை அகன்றுவிடும். தலையைக் கழற்றி, வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி நீரைப் பீய்ச்சி, பழைய பல்துலக்கியால் உட்புறத்தைத் தேயுங்கள். மாட்டும்போது துளைகள் வானம் பார்க்க இருந்தால் நீர் வளைந்து மெல்ல இறங்கும்.