புது சிப்புக்குக் காத்திருக்கலாமா?

லேப்டாப்பில் வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) போட்டால் பத்தே நிமிஷத்தில் சிப் 97 டிகிரி, அப்புறம் வேகம் பாதியாகிறது, அடுத்த தலைமுறை லேப்டாப்புக்குக் காத்திருக்கலாமா என்கிறீர்கள். சிப் மாறினாலும் மெல்லிய உடம்பு அதேதானே! இன்டெல் ஐ7-12700எச் சிப் சாதாரணமாக 45 வாட், டர்போவில் (கொஞ்ச நேரம் கூடுதல் வேகத்தில் ஓடும்போது) 115 வரை இழுக்கும். அவ்வளவு சூட்டையும் சின்ன விசிறிகள் எத்தனை நேரம் வெளியே தள்ளும்? 100 டிகிரியை நெருங்கியதும் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புதிது அதே வாட்டில் கூடுதல் வேலை செய்யலாம் (என் ஊகம்தான்), ஆனால் சூடு குறையும் என்று நம்ப வேண்டாம்.

முதலில் பின்மூடியைக் கழற்றி, விசிறிக்கும் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளுக்கும் நடுவே பாருங்கள். என்னுடையதில் கம்பளித் துண்டு மாதிரி தூசி அடைத்திருந்தது. சிப்பிலிருந்து ஹீட்சிங்க்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அப்படியும் 97 என்றால், கனமானாலும் பரவாயில்லை, தடிமனான மாடலாகப் பாருங்கள்.