பொடுகு போய்ப் போய்த் திரும்புகிறதே?

கேள்வி: எனக்கு 24 வயது. இரண்டு வருடமாகப் பொடுகு. இரவெல்லாம் எண்ணெய் ஊற வைத்தேன், எலுமிச்சைச் சாறு தேய்த்தேன். மருந்து ஷாம்பூ போட்டதும் நன்றாகக் குறைந்தது. நிறுத்திய ஒரே மாதத்தில் திரும்பிவிட்டது. தலையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை என்று வீட்டில் திட்டு வேறு. கறுப்பு உடை போட்டே பல மாதம் ஆகிறது.

பதில்: முதலில் இதை வீட்டில் படித்துக் காட்டுங்கள்: பொடுகு அழுக்கால் வருவதில்லை. மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை உங்களைத் திட்டுகிறவர்கள் தலையிலும் இருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அதைச் சிதைக்கும்போது உண்டாகும் ஓலிக் அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் எரிச்சலாகி, வேகவேகமாகப் புதிய செல்களை மேலே தள்ளுகிறது. பழையவை ஒட்டிக்கொண்டு செதில் செதிலாக உதிர்கின்றன.

எண்ணெய் தடவினால் செதில் நனைந்து படிந்துவிடும். குறைந்த மாதிரி தெரியும். ஆனால் பல எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்கள் அந்தப் பூஞ்சைக்கே தீனி. இரவெல்லாம் ஊறப் போடாதீர்கள். எலுமிச்சையை நானும் கல்லூரி நாளில் தேய்த்திருக்கிறேன். சொறிந்த இடமெல்லாம் தீயாய் எரிந்தது. மறுநாள் வகிடு நெடுகச் சிவந்திருந்தது. ஏற்கெனவே புண்பட்ட தோலில் அமிலம் வேண்டவே வேண்டாம்.

சரி, ஷாம்பூவுக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் தலையில் வைத்தீர்கள்?" என்பதுதான். பெரும்பாலும் வரும் பதில், "போட்டதும் கழுவிவிட்டேன்." மருந்து வேலை செய்ய நேரம் வேண்டாமா? கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்பூ என்றால் வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். தலையை நனைத்து, முடியை விரலால் வகிடு வகிடாகப் பிரித்து, தோலில் படும்படி போடுங்கள். முடி நுனிக்கு அது தேவையில்லை. நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்து, காதுக்குப் பின்னால், பிடரி, நெற்றியோரம் எல்லாம் நுரையைக் கொண்டுபோய், ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு நன்றாக அலசுங்கள். கண்ணில் படக் கூடாது. ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்ஃபைடு கலந்தவையும் பயன்படும். ஆனால் முடிக்குச் சாயம் போட்டிருந்தால் அதன் நிறத்தைச் செலினியம் மாற்றலாம்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். பொடுகு போனதும் நிறுத்திவிட்டீர்கள், அங்கேதான் தவறு. பூஞ்சையை அடியோடு ஒழிக்க முடியாது, அடக்கித்தான் வைக்க முடியும். நான்கு வாரம் முடிந்த பிறகும் வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ அதே ஷாம்பூவைத் தொடருங்கள். மற்ற நாள்களில் சாதாரண ஷாம்பூ போதும். குளிர்காலத்திலும் மன அழுத்தத்திலும் கொஞ்சம் கூடும், பயப்படாதீர்கள்.

நான்கு வாரம் ஒழுங்காகப் போட்டும் அடங்கவில்லை, அல்லது வெள்ளிபோல் தடித்த செதில் நெற்றிக்கு இறங்குகிறது என்றால் அது சோரியாசிஸ் என்ற வேறு தோல் நோயாகவும் இருக்கலாம். சரும மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கணவருக்குப் பொடுகு. அவர் சீப்பைப் பயன்படுத்தினால் எனக்கும் ஒட்டுமா?

பதில்: ஒட்டாது. அந்தப் பூஞ்சை உங்களிடமும் ஏற்கெனவே உண்டு. ஆனால் முடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளி ஊதினாலும் தட்டினாலும் நகராமல் இருந்தால் அது பொடுகல்ல, ஈர். பேன் கட்டாயம் பரவும்.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்குத் தலையில் ஓரிடத்தில் வட்டமாகச் செதில், அங்கே முடியும் உதிர்ந்திருக்கிறது. பொடுகு ஷாம்பூ போடலாமா?

பதில்: அதை மட்டும் போட்டுக் காத்திருக்காதீர்கள். இந்த வயதில், முடி கொட்டிய வட்டம் என்றால் படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது முடியின் வேருக்குள் இறங்கியிருக்கும். மேலே தடவும் மருந்து அங்கே எட்டாது. வாய்வழி மருந்தைப் பல வாரம் கொடுக்க வேண்டிவரும். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இது ஒட்டும் நோய். அவனுடைய சீப்பு, துண்டு, தொப்பி, தலையணை எதையும் வேறு யாரும் தொட வேண்டாம். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் தலையையும் முடியைப் பிரித்துப் பாருங்கள்.