அந்த மூன்றாவது பந்து

கேள்வி: என் மகள் இந்த வருஷம் பள்ளி சாஃப்ட்பால் அணியில் பிட்சராக, அதாவது பந்து வீசுபவளாகச் சேர்ந்திருக்கிறாள். நீங்களும் கல்லூரியில் பிட்சராக இருந்ததாக எழுதியிருந்தீர்கள். இப்போதும் பெருமையாக நினைக்கும் ஆட்டம் எது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: யோசிக்கவே வேண்டாம், கல்லூரிகளுக்கு இடையிலான அந்த அரையிறுதிதான். ஏழாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ், நாங்கள் ஒரே ஒரு ரன் முன்னால், எதிரணியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட்டானால் வெற்றி எங்களுக்கு, ஆனால் ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறது, பேட்டோடு வந்தவளோ முந்தைய முறை என்னை வெளுத்து வாங்கியவள்! பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 43 அடிதான். நல்ல வேகப்பந்து அரை நொடிக்குள் போய்விடும், அதனால் அடிப்பவர் நம் கை வேகத்தைப் பார்த்தே முடிவெடுத்தாக வேண்டும். முதல் இரண்டும் வேகப்பந்து, இரண்டும் ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அடிப்பவர் அவுட். மூன்றாவதை உள்ளங்கையில் நன்றாக அழுத்திப் பிடித்து, கையை அதே வேகத்தில் சுழற்றி, மணிக்கட்டை மட்டும் சொடுக்காமல் மெதுவாகப் போகும்படி விட்டேன். பந்து வருவதற்குள் அவள் பேட் சுற்றி முடித்துவிட்டது. கேட்சரின் கிளவுஸில் 'தொப்'பென்று விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இறுதியாட்டத்தில் தோற்றோம், சரி, பரவாயில்லை.

அப்புறம், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் 413 பந்து வீசி, அமெரிக்காவை வென்று தங்கம் வாங்கித் தந்தார். அந்த ஆட்டத்தை மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். வேகம் கைவந்ததும் அந்த மெதுவான பந்தையும் பழகச் சொல்லுங்கள்.