கேள்வி – பதில்: வளவு மண்ணால் வளவை வரைய

கேள்வி: எங்கள் குடும்பம் கரையோர வேடர் (கிழக்கிலங்கைக் கரையோரப் பூர்வகுடி) வழி. அப்பாச்சி இருந்த வளவின் மண்ணை விளாம்பிசினில் குழைத்து, அந்த வளவையே சீலையில் வரைந்தேன். காய்ந்தால் தூளாக உதிர்கிறது. சில இடத்தில் வெள்ளையும் பூக்கிறது. – வாசகி, வெருகல்

பதில்: உதிர்வதற்குக் காரணம் பிசின் போதாதது. வெள்ளை, மண்ணில் இருந்த உப்பு. களப்பையும் கடலையும் அண்டிய மண் என்றால் கழுவாமல் தொடவே கூடாது.

மண்ணை ஒரு வாளி நல்ல தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் விடுங்கள். மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் வேறு வாளிக்கு ஊற்றி, ஒரு நாள் அடைய விட்டுத் தெளிநீரை இறுத்துவிடுங்கள். மறுபடி நீர் விட்டு அடைய விடுவதை மூன்று நான்கு முறை செய்தால் உப்புப் போய்விடும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. மிஞ்சும் சேற்றைக் காயவைத்து, அம்மியில் அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள்.

ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு சுடுநீரில் இரவு முழுக்க ஊறவிட்டு வடித்து, இரண்டு சொட்டுக் கராம்பு எண்ணெய் விடுங்கள். மாரியில் பூஞ்சணம் குறையும். மண்தூளும் பிசின் நீரும் ஏறக்குறையச் சரிபாதி. முதலில் ஒரு துண்டுக் கடதாசியில் பூசி, காய்ந்தபின் விரலால் தேயுங்கள். விரலில் ஒட்டினால் பிசின் கூட்டுங்கள்; பளபளத்து வெடித்தால் மண்ணைக் கூட்டுங்கள். களிமண் காயும்போது சுருங்கும், அதனால் தடிப்பாக அப்பினால் எப்படியும் வெடிக்கும். மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சுப் போடுங்கள்.

சீலை மடங்கும், பிசின் மடங்காது. தடித்த கடதாசி அல்லது பலகைதான் இதற்கு ஏற்றது. சீலைதான் வேண்டுமென்றால் பிசினை விட்டு அக்ரிலிக் பசைக்கு மாறுங்கள். மஞ்சள் மண் கிடைத்தால் இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்துப் பாருங்கள்: சிவப்பாகும். ஒரே மண்ணில் இரண்டு நிறம்.

கேள்வி: அம்மம்மா சொல்லும் வளவும் பெரிய மாமா சொல்லும் வளவும் ஒத்துவரவில்லை. எதை வரைவது? – வாசகர், மூதூர்

பதில்: “எப்படி இருந்தது?” என்று கேட்டால் பொதுவாகத்தான் சொல்வார்கள். “கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கு எந்தப் பக்கம் திரும்புவீங்க அம்மம்மா?” என்று கேளுங்கள். முற்றத்து மணலில் தடியால் கீறச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிணறு, குளக்கட்டு, பழைய புளியமரம் போன்ற இடம் மாறாதவற்றை முதலில் குறித்து, பழைய காணி உறுதியில் உள்ள நாலெல்லையோடு ஒப்பிடுங்கள். மற்றதை ஆளுக்கொரு நிறப் பென்சிலில் போடுங்கள். இருவருக்கும் தெரியாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். கற்பனையால் நிரப்பினால் அடுத்த தலைமுறை அதையும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும்.

ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கலைஞர் ஆர்ச்சி மூர், வெனிஸ் பியென்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் 2024இல் செய்ததும் இதுதான். கறுப்புச் சுவர் முழுக்க வெள்ளைச் சோக்கால் கையாலேயே எழுதிய வம்சமரம் அது. படுகொலையாலும் நோயாலும் வழி அறுந்த இடங்களில் ஓட்டை ஓட்டையாக வெறுமை. சிறந்த நாட்டு அரங்குக்கான தங்கச் சிங்க விருது அதற்குக் கிடைத்தது.

கேள்வி: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளைப் போலப் புள்ளி வைத்து வரையலாமா? – மாணவி, திருகோணமலை

பதில்: வேண்டாம். 1971இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பாப்புன்யா என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் முதியவர்கள் தங்கள் முன்னோர் கதைகளைப் பலகையில் வரையத் தொடங்கியபோது, ஒவ்வொரு கதையையும் வரைய உரிமையுள்ளவர் இன்னார் என்ற ஒழுங்கு இருந்தது. வெளியார் பார்க்கக்கூடாதவை படத்தில் வந்துவிட்டதால் பிறகு சிலவற்றை விலக்கினார்கள், சிலவற்றை மறைத்தார்கள். அந்தப் பொருள் இல்லாமல் புள்ளியை மட்டும் எடுத்தால் அது வெறும் கோலம். இன்னொரு ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் கலைஞர் எமிலி காமே நுவாரே ஏறக்குறைய எண்பது வயதில்தான் கன்வஸில் வரையத் தொடங்கினார். திரும்பத் திரும்ப வரைந்தது தன் சொந்த நிலத்தையும் அங்கு விளையும் கிழங்கையும். உங்களுக்குப் பன்பாய்ப் பின்னலும் வலைக்கண்ணும் இருக்கின்றனவே. சடங்குக்குரிய எதையாவது வரைவதானால் மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்.

கேள்வி: கறுப்பு நிறத்துக்குப் புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணல் சரிவருமா? – வாசகர், நிலாவெளி

பதில்: வராது. அது இல்மனைட் என்ற கனிமம், கடினமான, பாரமான மணி. அம்மியில் மசியாது, பிசினிலும் அடியில் போய் நிற்கும். சிரட்டைக்கரியை அரைத்துச் சலித்துப் பாவியுங்கள்.