கல்லின் ஊர் எப்படித் தெரியும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேக்கத்தின் ஃபிராங்க்தி குகையில் மீலோஸ் தீவின் அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடிக் கல்) கிடைத்ததை வைத்து, ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் கடல் தாண்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கருப்பாகப் பளபளக்கும் ஒரு சில்லைப் பார்த்து, இது இந்தத் தீவின் கல்தான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? கொஞ்சம் மிகையாகப் படுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பார்த்து யாரும் சொல்லவில்லை. கண்ணை மட்டும் நம்பினால் உங்கள் சந்தேகம் நியாயம்தான், ஒரே எரிமலையில் பல நிறக் கற்கள் கிடைக்கும், வேறு வேறு எரிமலைகளின் கற்கள் ஒன்றுபோலவே இருக்கவும் செய்யும்.

அதனால் தனிமங்களை அளக்கிறார்கள். அப்சிடியன் என்பது படிகமாக அவகாசம் இல்லாமல் சட்டென்று குளிர்ந்து கண்ணாடியாகிப்போன எரிமலைக் குழம்பு. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிலிக்கா. எங்கே எடுத்தாலும் அப்படித்தான் என்பதால் அதை அளந்து பெரிய பயனில்லை. ருபிடியம், ஸ்ட்ரான்சியம், சிர்க்கோனியம் மாதிரியான தனிமங்கள் பத்து லட்சத்தில் சில பத்து, சில நூறு பங்கு என்ற அளவில்தான் இருக்கும், ஆனால் ஒரே குழம்பு ஓட்டத்துக்குள் அந்த விகிதம் அதிகம் மாறாது, அடுத்த எரிமலைக்குப் போனால் மாறிவிடும். 1964-ல் கேன், ரென்ஃப்ரூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மத்தியதரைக் கடல் பகுதி அப்சிடியன்களை இப்படித்தான் பிரித்துக் காட்டினார்கள். அப்போது கல்லில் கொஞ்சம் எடுத்து எரிக்க வேண்டியிருந்தது. இப்போது கையடக்க எக்ஸ்ரே கருவி சில நிமிடங்களில், ஒரு கீறல்கூட இல்லாமல் அளந்துவிடுகிறது. (சில்லு மிக மெல்லியதாக இருந்தால் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது.)

எல்லாக் கல்லுக்கும் இது நடக்காது. சக்கிமுக்கிக் கல் படிவுப் பாறையில் உருவாவது, ஒரே பாறை அடுக்கிலேயே பத்து மீட்டர் தள்ளி எடுத்தால் அளவுகள் வேறாக இருக்கலாம், அதன் பிறப்பிடம் பற்றி யாராவது ரொம்ப உறுதியாகப் பேசினால் நானும் உங்கள் கட்சி. அப்சிடியனிலும் ஒப்பிட்டுப் பார்க்க மூலப் பாறைகளின் அளவுகள் முன்பே கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ‘மூலம் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

சரி, கடல். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோதும் மீலோஸ் பெருநிலத்தோடு சேரவில்லை, ஆகவே அந்தக் கல் கரைக்கு வர நீரைக் கடந்தே ஆக வேண்டும். குகையில் இருந்தவர்களே போய் எடுத்தார்களா, கை மாறிக் கை மாறி வந்ததா என்பதை ரசாயனம் சொல்லாது. அதற்கு, கருவி செதுக்கும்போது உதிரும் கழிவுச் சில்லுகள் அங்கே எவ்வளவு கிடக்கின்றன, முழுக் கட்டியாக வந்ததா, முடித்த கத்தியாக வந்ததா என்று வேறு வகையில் தேட வேண்டும்.